புற்றுநோய்: எங்கே தொடங்குகிறது, எப்படி வளர்கிறது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோயை ஒரே நோயாக எண்ணிப் பேசுவதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. மருத்துவமோ அதை நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் கூட்டமாகப் பார்க்கிறது. கட்டியிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, அது எவ்வகை உயிரணுவில் தொடங்கியது என்று கண்டறிந்த பிறகே நோய்க்கு உரிய பெயர் கிடைக்கிறது. மார்பகத்தில் தொடங்கி, இரத்தத்தின் வழியாக எலும்பை அடைந்து வளரும் கட்டி அங்கேயும் மார்பகப் புற்றுநோய்தான். அதற்கான மருந்தே அதற்குத் தரப்படும். இதை அறியாமல், எலும்பிலும் புதிதாக வேறொரு புற்றுநோய் வந்துவிட்டது என்று கலங்கிப்போகும் குடும்பங்கள் பல.

புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை கார்சினோமா என்னும் வகையைச் சேர்ந்தவை. தோல், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றை மூடியிருக்கும் படலத்திலும், மார்பகம், புரோஸ்டேட் போன்ற சுரப்பிகளிலும் இவை தோன்றுகின்றன. இப்படலங்களின் உயிரணுக்கள் தேய்ந்து உதிர, புதியவை ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. புகை, வெயில், கிருமி எல்லாம் முதலில் தாக்குவதும் இவற்றைத்தான். எலும்பு, தசை, கொழுப்பு ஆகியவற்றில் தோன்றும் சார்கோமா அரிதானது. லுகேமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்கி இரத்தத்தில் கலந்துவிடுவதால் பெரும்பாலும் கட்டியாகத் தென்படுவதே இல்லை. லிம்போமா நிணநீர் மண்டலத்திலும், மைலோமா எதிர்ப்புப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா உயிரணுக்களிலும் பிறக்கின்றன.

இவை அனைத்துக்கும் பொதுவானது மரபணுக்களில் ஏற்படும் கோளாறு. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ தொகுதியை முழுமையாகப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. அதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை உடனே திருத்தப்படுகின்றன. எஞ்சியவற்றிலும் பல எந்தத் தீங்கும் செய்வதில்லை. உயிரணுவைப் பெருகத் தூண்டும் மரபணுக்களிலோ, பெருக்கத்தை அடக்கும் மரபணுக்களிலோ பிழை விழும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

தூண்டும் மரபணுக்களின் கதை ஒரு கோழியில் தொடங்கியது. கோழியின் சார்கோமாவை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911இல் பெய்டன் ரௌஸ் காட்டினார். அதற்கான நோபல் பரிசு 1966இல்தான் அவர் கைக்கு வந்தது. அந்த வைரஸில் இருந்த புற்றுநோய் மரபணு, நலமான கோழியின் உயிரணுக்களிலேயே இயல்பாக இருக்கும் ஒரு மரபணுவிலிருந்து வந்தது என்பதை மைக்கேல் பிஷப்பும் ஹரால்ட் வார்மஸும் 1976இல் கண்டறிந்தார்கள். புற்றுநோய்க்கான கருவி வெளியிலிருந்து வரவேண்டும் என்பதில்லை, அது நம் உயிரணுவுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற இந்த முடிவையே இத்துறையின் மிகப் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன்.

அடக்கும் மரபணுக்களை ஆல்ஃபிரட் நுட்சன் அணுகிய விதம் வேறு. குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா சிலருக்கு மிக இளம் வயதில், பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது. மற்றவர்களுக்குச் சற்றுத் தாமதமாக ஒரு கண்ணில் மட்டும் வருகிறது. நோயாளிகளின் வயதை வைத்துக் கணக்கிட்ட அவர், இந்நோய்க்கு இரண்டு மரபணு மாற்றங்கள் தேவை என்றும், முதல் வகைக் குழந்தைகள் அவற்றில் ஒன்றைப் பிறவியிலேயே கொண்டிருக்கிறார்கள் என்றும் 1971இல் முடிவுகட்டினார். தந்தை வழியாக ஒன்றும் தாய் வழியாக ஒன்றுமாக நம்மிடம் இருக்கும் இரு பிரதிகளும் கெட்டால்தான் தடை முற்றிலும் நீங்கும். ஆர்பி என்ற அந்த மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டபோது அவர் கணக்கு சரியென்று உறுதியானது.

பெரியவர்களின் புற்றுநோய்களில் பலவற்றுக்கு இரண்டு மாற்றங்கள் போதுவதில்லை. பெருங்குடலை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுவரில் ஓர் உயிரணுவின் ஏபிசி என்ற அடக்கும் மரபணு செயலிழந்தால், அதன் வழித்தோன்றல்கள் அளவுமீறிப் பெருகிப் பாலிப் என்ற சிறு முளையாகத் திரள்கின்றன. அவற்றில் ஒன்றின் கேராஸ் என்ற தூண்டும் மரபணு மாறினால் முளை பெரிதாகிறது; பின்னர் பி53 என்ற காவல் மரபணுவும் கெட்டால் அது சுவரைத் துளைக்கத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்புகளும் இவ்வழியில் செல்வதில்லை. செல்பவற்றுக்கும் வழக்கமாகப் பத்தாண்டு அளவிலான காலம் தேவைப்படுகிறது. இந்த இடைவெளிதான் மருத்துவத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யும்போது கண்ணில் படும் பாலிப்பை அப்போதே கம்பி வளையத்தால் சுருக்கிட்டு வெட்டி எடுத்துவிட்டால், அதிலிருந்து புற்றுநோய் உருவாக இடமே இல்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயிலும் அப்படியொரு இடைவெளி உண்டு. அதை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் உடலில் நிலைத்துவிட்டால் அதன் ஒரு புரதம் பி53ஐ அழிக்கிறது, மற்றொன்று ஆர்பியை முடக்குகிறது. மேலே சொன்ன அதே காவல்கள்தான். தொற்றிலிருந்து புற்றுநோய் வரை வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வைரஸின் பங்கைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி அதற்கு ஈராண்டு முன்பே வந்துவிட்டது. புகையிலை தனி வைரஸ் எதையும் நம்பியிருப்பதில்லை. அதன் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் நேரடியாக டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, படியெடுப்பில் பிழைகளை உண்டாக்குகின்றன.

இந்தப் படிமுறைக்கு விலக்காக நிற்பது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதே அதன் மூலம் என்று ஜேனட் ரௌலி 1973இல் விளக்கினார். அந்த ஒரே மாற்றத்தால் பிறக்கும் புரதத்தைக் குறிவைக்கும் இமாட்டினிப் மருந்துக்கு 2001இல் ஒப்புதல் கிடைத்ததும், உயிர்க்கொல்லியாக இருந்த நோய் பலருக்கும் மாத்திரையால் கட்டுப்படுத்தி வாழக்கூடியதாயிற்று. எல்லாப் புற்றுநோய்க்கும் இதுபோல ஒரு மாத்திரை வந்துவிடும் என்று அப்போது பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் பத்து மரபணுக்கள் கெட்டிருக்கும் கட்டியில் ஒன்றை அடக்கினால் இன்னொன்று வழி கண்டுவிடுகிறது.

முன்கூட்டிய பரிசோதனையும் எல்லா வகைக்கும் பொருந்தாது. குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியா சில வாரங்களிலேயே முற்றி வெளிப்படுவதால், அறிகுறி இல்லாத குழந்தைகளைச் சோதித்துத் தேடுவதில் பயனில்லை. ஆனால் அவ்வளவு விரைவாகப் பிரியும் உயிரணுக்கள், பிரிதலைத் தாக்கும் மருந்துகளுக்கு எளிதில் பலியாகின்றன. முழுமையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இன்று குணமடைகிறார்கள்.