ஆறாத புண்ணும் வாரம் ஒரு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். முடக்குவாதத்துக்குப் பல வருடங்களாக மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் ஒருவருக்கு ஈறில் புண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் உரசியிருக்கும் என்று விட்டுவிடுகிறார். மாதக்கணக்காகியும் ஆறவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்தால் 'லிம்போமா', அதாவது நிணநீர்ப் புற்று, என்று முடிவு வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஆனால் சில நேரங்களில் அது லிம்போமா மாதிரி தோன்றும் வேறொரு புண். அதற்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ். 1964இல் எப்ஸ்டீன், பார், அச்சாங் என்ற மூவர் லண்டனில் கண்டுபிடித்தது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது உடம்பில் இருக்கிறது. எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்து, பி செல் என்னும் வெள்ளணுக்களில் ஆயுசுக்கும் தங்கிவிடும். டி செல்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் காவலிருந்து அதைத் தலைதூக்க விடுவதில்லை. மெத்தோட்ரெக்ஸேட், அசதயோப்ரின், சைக்ளோஸ்போரின் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளாலோ முதுமையாலோ அந்தக் காவல் தளரும்போது, அபூர்வமாகச் சிலருக்கு வாயிலோ தோலிலோ குடலிலோ ஒரே இடத்தில் புண்ணாக வெடிக்கிறது. இதற்கு 'ஈபிவி மியூகோகியூட்டேனியஸ் அல்சர்', அதாவது இந்த வைரஸால் சளிச்சவ்விலோ தோலிலோ வரும் புண், என்ற தனிப்பெயர் கிடைத்ததே 2010இல்தான்.

நுண்ணோக்கியில் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். பெரிய பெரிய செல்கள், சிலவற்றில் இரண்டு உட்கரு, ஆந்தைக் கண் மாதிரி முறைக்கும். ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் இதே முகம்தான். ஆனால் ஹாட்ஜ்கின் வழக்கமாக நெறிக்கட்டிகளில் தொடங்கும். ஈறிலோ தோலிலோ ஆரம்பிப்பது மிக மிக அரிது. இங்கே புண்ணின் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும், அடியில் டி செல்கள் வரிசைகட்டி நிற்கும். ஈபர் என்ற சோதனை செய்தால் அந்தப் பெரிய செல்களின் உட்கருக்கள் நிறமேறி வைரஸைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, வைத்தியம்? மருந்தால் வந்ததென்றால், அதைக் குறைத்தோ நிறுத்தியோ பார்ப்பதுதான் முதல் படி. பலருக்குப் புண் தானாகவே சுருங்கி ஆறிவிடுகிறது. ஆறாவிட்டால் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, கதிர்வீச்சு என்று அடுத்த வழிகள் உண்டு. அவசரப்பட்டுக் கீமோவில் இறங்குவது எனக்கு உடன்பாடில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு மறுபடி வீங்கும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கோ வைத்த சிறுநீரகமே போய்விடும். அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புண் பெரும்பாலும் இந்த நோயே அல்ல. ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். வாரம் ஒருநாள் போடவேண்டியதைத் தவறுதலாகத் தினமும் போட்டிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சீட்டில் பல சமயம் 'வாய்ப்புண், வயது 68' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதே இருக்காது. சதை எடுக்கப் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்தப் பெயர்களையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.