காணிக்கை வேளையில் கவனிக்க வேண்டியவை

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம். கள்ளப்போதகத்தை இனங்காண்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசுமாறு இந்நிகழ்ச்சியின் பொறுப்பாளர்கள் கேட்டபோது, இதற்குப் போதகர் ஒருவரை அழைப்பதுதானே முறை என்றுதான் முதலில் சொன்னேன். நான் இறையியல் கல்லூரியில் பயின்றவன் அல்லன். கோலாலம்பூரில் கணக்காய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு தமிழ்ச் சபைக்கு நெடுங்காலம் பொருளாளராக இருந்தவன். அதற்காகத்தான் உங்களை அழைக்கிறோம் என்றார்கள். ஆகவே திரித்துவம், ஞானஸ்நானம், கடைசிக்காலம் ஆகியவற்றைக் குறித்த தவறான உபதேசங்களைப் படித்தவர்களிடம் விட்டுவிட்டு, உபதேசமும் பணமும் சந்திக்கும் அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்பவர்களில் பெரும்பாலோர் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். நோயாளியைப் பார்க்கத் தம் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ரவாங்கிற்கும் பந்திங்கிற்கும் போய்வருகிறவர்கள். அவர்களைக் குறைகூறுவதற்காக நான் இங்கு வரவில்லை. அவர்கள் உழைப்பால் ஊழியத்திற்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயரை வேறு சிலர் முதலீடாக்கிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சே தேவைப்படுகிறது.

ஒரு போதனை எங்கே பிறழ்கிறது என்பதைப் பிரசங்கத்தில் கண்டுபிடிப்பது கடினம். இனிய குரல், இசை, கண்ணீர், நமக்குப் பழக்கமான வசனங்கள் ஆகியவை சூழ்ந்திருக்கும்போது யாருக்கும் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. ஆனால் காணிக்கை வேளையில் சொல்லப்படும் பத்து நிமிடப் பேச்சைக் கூர்ந்து கேட்டால், அந்த ஊழியர் கடவுளைப் பற்றி உண்மையில் என்ன நம்புகிறார் என்பது வெளியே வந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவரின் கூட்டத்திற்கு உறவினர் ஒருவருடன் போயிருந்தேன். நாற்காலிதோறும் மூன்று நிற உறைகள் வைக்கப்பட்டிருந்தன. வெள்ளை உறைக்குத் தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. நீல உறை நூறு ரிங்கிட்டுக்கு. பொன்னிற உறை ஆயிரம் ரிங்கிட்டுக்கு. பொன்னிற உறை கொடுத்தவர்களை மேடைக்கு அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். நீல உறைக்காரர்களை இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொன்னார்கள். வெள்ளை உறைக்காரர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னுடன் வந்தவர் அப்போதுதான் ஐம்பத்தைந்து வயதை எட்டி, ஊழியர் சேமநிதியிலிருந்து தம் சேமிப்பை எடுத்திருந்தார். அதில் பத்தில் ஒரு பங்கை அங்கேயே காணிக்கையாக 'விதைத்தால்' கடன்கள் தீரும் என்று மேடையிலிருந்து வந்த அழைப்பை அவர் தமக்கென்றே வந்த வார்த்தையாக எடுத்துக்கொண்டார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து, இரவு வேலையும் பகல் வேலையுமாகச் சேர்த்த பணம் அது.

அன்று மேடையில் சொல்லப்பட்ட வசனங்களை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதலாவது மல்கியா மூன்றாம் அதிகாரம், தசமபாகங்களை, அதாவது பத்தில் ஒரு பங்கை, ஆலயத்தின் சேமிப்பறையாகிய பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்ற வசனம். அந்தப் பண்டசாலை எப்படி நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நெகேமியா பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படியுங்கள். ஓர் ஆசாரியர், வேதச் சட்டம் கற்ற ஒரு வேதபாரகர், ஆலயப் பணி செய்யும் ஒரு லேவியர், அவர்களுக்குத் துணையாக மற்றொருவர் என்று நான்கு பேரை, அவர்கள் உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டதால், நெகேமியா பண்டசாலைக்குப் பொறுப்பாக வைக்கிறார். தங்கள் சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே அவர்கள் வேலை. கணக்காய்வாளனான எனக்கு வேதாகமத்தில் மிகப் பிடித்த வசனங்களில் அதுவும் ஒன்று. மேலும், மூன்றாண்டுக்கு ஒருமுறை சேர்க்கப்பட்ட தசமபாகம் லேவியருக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைகளுக்கும், விதவைகளுக்கும் உரியது என்று உபாகமம் பதினான்காம் அதிகாரம் கூறுகிறது. தசமபாகத்தைக் கேட்கிறவர் அதைப் பெற உரிமையுள்ளவர்களின் பட்டியலையும் சேர்த்து வாசிப்பாரானால், கடன்பட்டவரிடமும் விதவையிடமும் கைநீட்டுவதற்கு முன் சற்றே தயங்குவார்.

இரண்டாவது, நூறத்தனையாகப் பெறுவீர்கள் என்ற மாற்கு பத்தாம் அதிகாரத்து வாக்குத்தத்தம். ஆயிரம் கொடுத்தால் ஒரு லட்சம் என்று கணக்கைக் கூட அன்று போட்டுக் காட்டினார்கள். அதே வசனத்தில் வீடுகளும் நிலங்களும் மட்டுமின்றி, சகோதரரும் தாய்மாரும் பிள்ளைகளும் நூறத்தனையாகக் கிடைப்பார்கள் என்று இருக்கிறது. தாய்மார் நூறு பேர் வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை. வீட்டை இழந்து வந்தவனுக்குச் சபையே குடும்பமாக அமையும் என்பதைச் சொல்லும் வசனம் அது. அதன் நடுவிலேயே 'துன்பங்களோடேகூட' என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் அன்று வாசிக்காமல் தாண்டிவிட்டார்கள்.

மூன்றாவது, தன்னிடம் இருந்ததையெல்லாம் காணிக்கையாகப் போட்டு இயேசுவின் பாராட்டைப் பெற்ற ஏழை விதவையின் இரண்டு காசு. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். முந்தைய வசனத்தை மறைத்துவிட்டு அடுத்ததை மட்டும் சொல்வது, வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் தணிக்கைக்குக் கொடுப்பதைப் போன்றது.

காணிக்கையை விதை என்று வர்ணிக்கும் இந்தப் போதனையை இருபதாம் நூற்றாண்டில் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ். 1987ஆம் ஆண்டில், எண்பது லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை எடுத்துக்கொள்வார் என்று அவர் பகிரங்கமாகவே அறிவித்தார். இதே போதனையைப் பரப்பிய 'விசுவாச வார்த்தை' இயக்கத்தின் தந்தை என்று பலராலும் கருதப்பட்ட கென்னத் ஹேகின், காணிக்கைக்கு நூறு மடங்கு திரும்பக் கிடைக்கும் என்பதை ஒரு சூத்திரமாகப் போதிப்பது தவறு என்று, தம் மரணத்திற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2000ஆம் ஆண்டில் எழுதி வைத்துச் சென்றார். அவருடைய பழைய ஒலிநாடாக்கள் நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தன; அந்த எச்சரிக்கை வந்து சேரவில்லை. ஐரோப்பாவில் 1517இல் தெட்செல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றதையும், மார்ட்டின் லூத்தர் எதிர்த்ததையும் நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள் என்பதால் அதை விரிக்கவில்லை.

வானொலியில் பேசுகிறோம் என்பதால் வானொலி அலை சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி; நேரம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்ற சுகமளிக்கும் ஊழியர் ஒருவர் பெரும் புகழ் பெற்றிருந்தார். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, அவருடைய பெயரையும், தெருவையும், நோயையும் சொல்லுவார். மக்கள் வியந்து அழுவார்கள். ஜேம்ஸ் ரேண்டி என்ற மாயவித்தைக் கலைஞர், பாப்பாஃபின் காதில் ஏதோ சிறு கருவி இருப்பதைக் கவனித்துவிட்டார். வித்தைக்காரருக்குத்தானே வித்தைக்காரரைத் தெரியும்! ரேண்டியின் குழுவினர் அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்திற்குப் போனார்கள். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண்குரல் கேட்டது. அது ஊழியருடைய மனைவியின் குரல். கூட்டம் தொடங்குமுன் மக்களிடம் பேச்சுக் கொடுத்தும், அவர்கள் நிரப்பித் தந்த ஜெப அட்டைகளைப் பார்த்தும் திரட்டிய விவரங்களை, அந்த அம்மையார் வெளியிலிருந்து கணவருடைய காதில் ஓதிக்கொண்டிருந்தார். கடவுள் சொன்னதாக மேடையில் முழங்கியதெல்லாம் பக்கத்து வண்டியிலிருந்து வந்த செய்திதான். 1986ஆம் ஆண்டில் ரேண்டி அந்த ஒலிப்பதிவைத் தொலைக்காட்சியில் நாடறியப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு அந்த ஊழியம் திவாலானதாக அறிவித்தது.

நான் சொல்ல வந்தது அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளில் அதே மனிதர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தார். இம்முறை அற்புத நீரூற்றுத் தண்ணீரைச் சிறு பைகளில் அனுப்பி வைத்தார். மக்கள் மீண்டும் பணம் அனுப்பினார்கள். மோசடியை அம்பலப்படுத்துவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்றைக்கோ காதுக்கருவியும் தேவையில்லை. மகளின் திருமணம் தள்ளிப்போவதையும், கணவரின் டயாலிசிஸ் சிகிச்சையையும் நாமே முகநூலில் எழுதிவைக்கிறோம். ஜெப விண்ணப்பப் படிவத்தில் தொலைபேசி எண்ணோடு நிரப்பி அனுப்புகிறோம். பிறகு அதே விவரம் தீர்க்கதரிசனமாகத் திரும்பி வரும்போது உடல் சிலிர்க்கிறது. நீங்கள் ஏற்கெனவே யாருக்காவது சொல்லியிருக்கும் செய்தியை ஒருவர் உங்களுக்கே சொல்வதால் மட்டும் அவர் தீர்க்கதரிசி ஆகிவிடமாட்டார். மறுபடியும் சொல்கிறேன், ஏற்கெனவே சொல்லியிருக்கும் செய்தி.

அப்படியானால் ஆதிச்சபை என்ன செய்தது? திதாக்கே என்றொரு சிறு நூல் உண்டு. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகள் காணாமற்போயிருந்து, 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு பழைய கையெழுத்துப் படியில் கிடைத்தது. என்னைத் தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சலித்திருப்பார்கள். அதன் பதினோராம் அதிகாரம் ஊர் ஊராக வரும் ஊழியர்களுக்கு விதி சொல்கிறது. வருகிறவரைக் கர்த்தரை ஏற்பது போல் ஏற்றுக்கொள். அவர் ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கட்டும். மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் வரைக்குமான அப்பம் மட்டும் கொடு; பணம் கேட்டால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசுவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடாதே. ஆனால் வறியவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்றும் அந்நூல் நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறது. தங்கி ஊழியம் செய்யும் உண்மையான தீர்க்கதரிசிக்கு விளைச்சலின் முதற்பலனைக் கொடுக்கச் சொல்வதும் அதே நூல்தான். ஆகவே ஊழியருக்குச் சம்பளம் தருவதை அது எதிர்க்கவில்லை. கடவுளின் பெயரால் தனக்கென்று கேட்பதைத்தான் எதிர்க்கிறது. மண்டபத்தில் கண்ட மூன்று நிற உறைகளை இந்த விதிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னால் ஒரு மறுப்பு உடனே எழும்: "அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது." நூற்றைந்தாம் சங்கீதத்தில் வரும் அவ்வசனம், நாடோடிகளாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்குத் தீங்கு செய்யாதபடி அரசர்களுக்குக் கூறப்பட்ட எச்சரிக்கை. வலுவற்றவரைக் காக்கச் சொன்ன வார்த்தையை, வலுத்தவர் தம்மிடம் கணக்குக் கேட்பவரை மிரட்டப் பயன்படுத்துவது விந்தை. அப்போஸ்தலராகிய பவுலின் போதனையையே பெரோயா ஊரார் தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்து சரிபார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் புகழ்கிறதே ஒழியக் கடிந்துகொள்ளவில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். சபைக் கணக்கைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறிப்பு எடுத்து வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. யாரும் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகள் நியமித்த ஒருவரையும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சபையானால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், கணக்கைப் பதிவதிகாரிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். உறுப்பினராகிய நீங்கள் அக்கணக்கை மரியாதையாகக் கேளுங்கள். காசோலையில் கையொப்பமிடுபவர்கள் யார், அவர்கள் ஒரே குடும்பத்தினரா என்றும் கேளுங்கள். இப்போதெல்லாம் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் காணிக்கை போகிறது. தொகையைத் தட்டுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சபையின் பெயருக்குப் பதிலாகத் தனி ஆளுடைய பெயர் தெரிந்தால், கைப்பேசியை மூடிவிட்டுப் பொருளாளரிடம் போய்க் காரணம் கேளுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.