அப்பத்தா நகர்த்திப் போட்ட தடுக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடி மக்களே, வணக்கம்.

தனிமனித சுதந்திரத்தைக் குலைப்பது கண்காணிப்பா, நம் அலட்சியமா? கண்காணிப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் கேட்டார்: "மறைக்க ஒன்றும் இல்லாதவர் கேமராவுக்கு ஏன் பயப்பட வேண்டும்? போனில் எல்லாவற்றுக்கும் சம்மதம் தட்டுவது நாம்தானே?" நியாயமான கேள்வி. பல வருடம் அலமாரியில் கிடந்த ஒரு நாவலை இந்த வருடம்தான் எடுத்துப் படித்தேன். அதுவரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-இல் வெளிவந்த '1984'. நம் ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போயிருந்த பர்மாவில், 1922 முதல் ஐந்து வருடம் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். கண்காணிக்கிற பக்கம் நின்றவர் எழுதிய கதை இது.

கதையில் கட்சிக்காரர் வீட்டுச் சுவரில் ஒரு திரை. காட்டவும் செய்யும், பார்க்கவும் செய்யும். எந்த நிமிஷம் பார்க்கிறார்கள் என்று தெரியாது. அதனால் எல்லா நிமிஷமும் பார்க்கிறார்கள் என்றே வாழ வேண்டும். நாயகன் வின்ஸ்டனுக்கு டைரி எழுத ஆசை. திரையின் கண்ணுக்கு எட்டாத ஒரு சுவர் மாடத்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்து எழுதுகிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அப்பத்தா நினைவு வந்தது.

அவ்வளவு பெரிய வீட்டில் அப்பத்தாவும் துணைக்கு ஓர் அம்மாவும்தான். வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கேமரா வைத்தார். விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே. சரி, பாசம்தான். ஆனால் அப்பத்தா தினமும் வளவுத் தூணடியில் தடுக்கு என்கிற சின்ன ஓலைப்பாயைப் போட்டு, காலை நீட்டி, ஓலைக்கூடையான கொட்டான் பின்னிக்கொண்டே ஐயாவோடு வாய்விட்டுப் பேசுவார். ஐயா போய் இருபது வருடம். கேமரா வந்த வாரமே தடுக்கு பின்னால் இரண்டாங்கட்டு மூலைக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சும் நின்றுபோனது. மறைக்க என்ன இருந்தது அப்பத்தாவிடம்?

சுதந்திரத்தை நாமே விட்டுக்கொடுத்தோம் என்கிறது எதிரணி. விட்டுக்கொடுக்க, முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும். அப்பத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. போன் கேட்கிறது, ஆனால் 'சம்மதம்' தட்டாவிட்டால் பல செயலிகள் திறப்பதே இல்லை. இதையா அலட்சியம் என்பது?

இந்தச் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எத்தனை பேர் கூடி வாழ்ந்தாலும் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை, அதற்கொரு சாவி. கல்யாணமானவர்களை வேறு வைத்தார்கள். ஒரே கூரை, தனி அடுப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல்தான்.

சித்தப்பாவிடம் பேசினேன். கேமராவை முகப்புப் பக்கம் மாற்றிவிட்டு, அப்பத்தா கைக்கு எட்டுகிற மாதிரி ஓர் அழைப்பு மணி வைத்தோம். "இப்ப நான் இருக்கது தெரியாதுல்ல?" என்று கேட்டார். தெரியாது அப்பத்தா என்றேன். தடுக்கு தூணடிக்குத் திரும்பியது. மறுநாள் மத்தியானம் ஐயாவோடு பேச்சுக் குரல். என்ன பேசினார் என்று நான் நின்று கேட்கவில்லை, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.