ஓடாத வண்டியும் ஓடிய வண்டியும்: டெல்டாவில் பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. "அண்ணே, அஞ்சு லட்சத்துக்குள்ள நல்லா பிக்கப் உள்ள வண்டி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பெயர் சொல்வது ஒரு நிமிட வேலை. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, மாருதி பலேனோ ஆர்எஸ், ஃபோர்டு ஈகோஸ்போர்ட் எஸ், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஃபியட் அபார்த் புன்ட்டோ. எல்லாமே டர்போ வண்டி, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் கருவி உள்ளது. அவ்வளவுதான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் வண்டி பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த வண்டி இத்தனை வருடம் எங்கே நின்றது?

நம் ஊர் உங்களுக்குத் தெரியும். மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். லீவில் வரும்போது ஆசையாக ஒரு வண்டி எடுப்பார்கள், ஒரு மாதம் ஓட்டுவார்கள், போர்ட்டிகோவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சில வருடம் கழித்து அது விற்பனைக்கு வரும். "சிங்கிள் ஓனர், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஷோரூம் கண்டிஷன்" என்பார் புரோக்கர். மீட்டரில் பொய் இருக்காது. என்னைக் கேட்டால், திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் தினமும் போய்வந்து 80,000 ஓடி, பில்லோடு சர்வீஸ் பார்த்த வண்டியைத்தான் முதலில் எடுப்பேன்.

காரணத்தை இங்கே காட்டுகிறேன், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இது 2016 போலோ ஜிடி. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றியாயிற்று. பாருங்கள், ஃபில்டர் மேல் ஒரு கைப்பிடி வைக்கோல், நடுவில் நெல் உமி, அதற்குள் எலிப் புழுக்கை. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் எலி வீட்டுப் பக்கம் வரும். நிற்கிற வண்டியின் பேனட்டுக்கு உள்ளேயே குடியேறிவிடும். இதோ, இன்ஜெக்டருக்குப் போகிற இந்த வயரில் மேல் உறை கடிபட்டு செம்பு தெரிகிறது. இன்று ஸ்டார்ட் ஆகிறது. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒயரிங் முழுவதும் மாற்றச் சொன்னால் வண்டி வாங்கிய சந்தோஷமே போய்விடும்.

எலி கண்ணுக்குத் தெரிகிற பிரச்சனை. தெரியாதது நிறைய. டேங்கில் பழைய பெட்ரோல் கிடக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். பிரேக் ஆயிலும் அப்படித்தான், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ரப்பர் பெல்ட்டுக்கும் கிலோமீட்டரோடு வயது கணக்கும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்று அதை நம்பி 140-ல் போகாதீர்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். புது டயர் நாலுக்கான பணத்தை முதலிலேயே விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனை என்று பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டி சுத்தம் செய்யப்பட்டு எந்த மாவட்டத்துக்கு வேண்டுமானாலும் வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம் பக்கமே என்ன பாடுபட்டது! சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பாதி வரை சுத்தமாக இருந்து அதற்கப்புறம் செம்மண் கோடு தெரிந்தால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சீட் அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள் வண்டல், இதெல்லாம் பாலிஷ் போட்டு மறைக்க முடியாத இடம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். உப்புக்காற்று பிரேக் பைப்பைத் தின்றிருக்கும். அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் பளபளத்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். பார்க்கப் போகும் முன் "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லுங்கள். போனதும் பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினில் முதல் சில நொடி வரும் சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. அப்புறம் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்கச் சொல்லி நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் எங்கோ ஆயில் எரிகிறது. டர்போ சீலாக இருக்கலாம், இன்ஜினாகவும் இருக்கலாம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் டர்போ பற்றி ஓரளவு தெரிந்துவிடும். லேசான ஆயில் படலம் சகஜம். சொட்டினால் பேச்சே வேண்டாம்.

போலோ ஜிடி டிஎஸ்ஐயில் பெரிய கேள்வி கியர்பாக்ஸ். 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 என்எம், 100-ஐ 9.7 நொடியில் தொடும் என்றது கம்பெனி. ஓட்டினால் சிரிப்பு வரும், அது உண்மை. ஆனால் அதில் இருக்கும் 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலகம் முழுக்கப் புகார் வாங்கியது. 2013-ல் சீனாவில் மட்டும் டிஎஸ்ஜி பிரச்சனைக்காக 3,84,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உள்ளே இருப்பது ஆயிலில் நனையாத உலர் கிளட்ச், சூடு அதற்கு எதிரி. அதனால் நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள், அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். மதிய வெயிலில் கும்பகோணத்துக்குள் மகாமகக் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் ஊர்ந்து போங்கள், ஏசி போட்டு. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் போட்டதும் தயங்குகிறதா, மீட்டரில் கியர் எழுத்து மின்னுகிறதா? ஒன்று இருந்தாலும் லட்சக்கணக்கில் செலவு காத்திருக்கலாம். பட்ஜெட்டை நீட்ட முடிந்தால் 2020-க்கு அப்புறம் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவைப் பாருங்கள். அதில் டிஎஸ்ஜி கிடையாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலேனோ ஆர்எஸ்ஸுக்கு 2023-ல் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்குவம் பம்ப்புக்காக ரீகால் வந்தது, அந்த வேலை முடிந்ததா என்று மாருதி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். ஈகோஸ்போர்ட் எஸ்ஸின் டர்போ பெட்ரோல் இன்ஜினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் கெட்டால் பெல்ட்டும் கெடும். ஆயில் மாற்றிய பில் இல்லாத வண்டி என்றால் எனக்குப் பயம். அபார்த்தில் 145 குதிரை இருக்கிறது, மெக்கானிக்கும் பார்ட்ஸும் கிடைக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

ரீமேப் போட்ட வண்டியா, அதாவது பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியதா என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய சைலன்சரில் போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தால் நேற்றுத்தான் ஒரிஜினலைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டுங்கள். எரர் எதுவும் இல்லை, ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் டெஸ்ட் பலதும் முடியாமல் நிற்கிறது என்றால் நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ எரரை அழித்திருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எது என்று விற்பவரிடமே கேளுங்கள்.

பேப்பர். பிஒய் 02 என்ற காரைக்கால் நம்பர் பார்த்ததும் விலை குறைவு என்று துள்ளாதீர்கள். காரைக்கால் நம் கூடவே இருந்தாலும் அது புதுச்சேரி. அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டுக்கு வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் பல நேரம் தஞ்சாவூர் டிஎன் 49 வண்டியே மலிவு. ஓனர் வெளிநாட்டில் இருந்தால் அப்பாவோ மச்சானோ கையெழுத்துப் போடுகிறேன் என்பார்கள். பவர் பத்திரம் கேளுங்கள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் யார் கையெழுத்துச் செல்லும் என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்ட பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். லோன் இருந்த வண்டி என்றால் அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய ஓனருக்கு கிளைம் கேட்காததற்காகக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்டச் சொல்வார்கள், அதையும் பட்ஜெட்டில் எழுதி வையுங்கள்.