மணல் தெரியும் மாதங்களில் காவிரி

பெரியோர்களுக்கும், முன் வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

பறவை பார்ப்பது என்றாலே குளிர்கால வேலை என்று நமக்குள் ஆகிவிட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கல், மார்கழியில் கோடியக்கரை, தை பிறந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பங்குனி வெயில் ஏறியதும் தொலைநோக்கியைத் துடைத்து உறையில் போட்டுவிடுகிறோம். வடக்கிலிருந்து வந்த உள்ளான்களும் வாத்துகளும் திரும்பிவிட்டன, இனி ஆற்றில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு தவறு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். விருந்தாளிகள் போனபிறகுதான் காவிரி தன் சொந்தப் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்குகிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். டெல்டாக்காரர்களுக்கு இது மனப்பாடம். மூடியபின் வரும் நான்கரை மாதம் கீழ்க்காவிரியில் தண்ணீர் குறைவு, மணல் அதிகம். பாலத்தில் பேருந்து போகும்போது எட்டிப் பார்த்து, “ஆறு செத்துக் கிடக்கு” என்று பெருமூச்சு விடுகிறோம். அணை வந்தது 1934-இல். அதற்கு முன்பும் ஆற்றின் தாளம் ஏறக்குறைய இதுதான். குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆனி, ஆடியில் வெள்ளம் வரும். தை, மாசிக்குமேல் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும். அந்தத் திட்டுகளை நம்பி முட்டையிடும் பறவைகளின் நாள்காட்டி, அணையைவிடப் பல்லாயிரம் ஆண்டு மூத்தது. வெள்ளம் வடிந்தபின் தொடங்கி, அடுத்த வெள்ளம் வருமுன் குஞ்சுக்குச் சிறகு முளைத்தாக வேண்டும். அவற்றுக்கு இருக்கும் தவணை அவ்வளவுதான்.

பட்டாணி உப்புக்கொத்தி என்று ஒரு சின்னப் பறவை. எடை சுமார் 40 கிராம். கழுத்தில் கருப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குடுகுடுவென்று மணலில் ஓடும், சட்டென்று நிற்கும், நின்ற இடத்தில் காணாமல் போய்விடும். இந்த இனத்தில் குளிர்காலத்துக்கு வருபவையும் உண்டு, ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவையும் உண்டு. இங்கேயே இருப்பவை கோடையில் ஆற்று மணலில் மார்பால் அழுத்தி ஒரு சிறு பள்ளம் செய்கின்றன. குச்சி இல்லை, பஞ்சு இல்லை, சில நேரம் நாலைந்து கூழாங்கல் மட்டும் பரப்பியிருக்கும். அதில் நான்கு முட்டைகள், கூரிய முனைகள் நடுவில் சேர்ந்திருக்கும்படி. முட்டையின் நிறம் மணலின் நிறம், மேலே பொடிப்புள்ளிகள். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. நாம் நெருங்கினால் தாய் கூட்டிலிருந்து விலகி, இறக்கை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு தரையில் புரளும். நம் பார்வை அதன் பின்னால் போகும், முட்டை தப்பும்.

ஆட்காட்டியைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. இரவிலும் கத்தி ஊரை எழுப்பும் பறவை. அதற்கும் கூடு வெறும் தரைதான், முட்டை பெரும்பாலும் நான்குதான். அதன் கோடைக்கால உழைப்பைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்று நான் சொல்ல வந்ததன் உயிர் இதில்தான் இருக்கிறது.

அடைகாத்தல் என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று படித்திருக்கிறோம். ஏப்ரல் மாதப் பிற்பகலில் ஆற்று மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முட்டைக்குள் வளரும் கரு 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை நெடுநேரம் தாங்காது. அப்படியென்றால் நண்பகலில் அந்தத் தாய் செய்வது சூடு கொடுப்பதன்று, சூட்டைத் தடுப்பது. முட்டைக்கு மேலே கால் ஊன்றி, இறக்கையைச் சற்றே தளர்த்தி, நிழலாக நிற்கும். அலகு திறந்திருக்கும், தொண்டை படபடவென்று அடித்துக்கொள்ளும். நிழல் போதாதபோது, ஆணும் பெண்ணும் முறை வைத்துத் தண்ணீருக்குப் போகும். குடிப்பதற்கு மட்டுமன்று. வயிற்று இறகை நீரில் தோய்த்து, ஈரத்தோடு திரும்பி வந்து முட்டையின்மேல் உட்காரும். குஞ்சு பொரித்த பிறகும் இதே ஈரத்தைக் கொண்டுவரும். ஆட்காட்டி மட்டுமன்று, உப்புக்கொத்தி, ஆற்று ஆலா எல்லாம் இப்படிச் செய்யும் குலம்தான். ஒரு கூடு பிழைக்க வேண்டுமானால் மணல் வேண்டும், பறந்து போய் வரும் தூரத்தில் ஒரு குட்டை நீரும் வேண்டும். கடைசிக் குட்டையையும் மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் மணல் இருந்தும் பயனில்லை என்பது என் கணிப்பு.

இப்போது, பகல் 12 மணிக்கு ஒருவர் கேமராவோடு அந்தத் திட்டில் ஏறுகிறார் என்று வையுங்கள். நல்லவர்தான், பறவையை நேசிப்பவர்தான். ஆட்காட்டி எழுந்து தலைக்கு மேல் கத்துகிறது. பறக்கும் படம் அருமையாக வருகிறது என்று அவர் கால்மணி நேரம் நிற்கிறார். அந்தக் கால்மணி நேரமும் நான்கு முட்டைகள் வெயிலில் நேரடியாகக் கிடக்கின்றன. தரையில் இன்னொன்றும் நடக்கிறது: கத்தும் சத்தத்தைக் காக்கை கேட்கிறது. மனிதர் விலகியதும் அது இறங்கித் தேடுகிறது. யார் மீதும் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் கூட்டுக்கு அருகில் படம் எடுப்பதை நம் குழுக்கள் அடியோடு நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்கு மீட்டர் கணக்கு வேண்டாம். பறவை நம்மைப் பார்த்துக் கத்தத் தொடங்கும் இடம்தான் எல்லை. கத்தினால் வந்த வழியே திரும்புங்கள். விடிந்ததும் போய் எட்டரை, ஒன்பதுக்குள் மணலைவிட்டு ஏறிவிடுங்கள். மாலையில் கரையில் இருந்தே பாருங்கள். நாயை அழைத்துப் போகவே வேண்டாம்.

ஆற்று ஆலாவையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் அலகு, கருந்தொப்பி, பிளவுபட்ட நீள வால். கடல் ஆலாக்களுக்கு உறவு, வாழ்வது உள்நாட்டு ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும். மேலே கர்நாடகத்தில் பத்ரா நீர்த்தேக்கத்தின் தீவுகளில் கோடையில் பெருங்கூட்டமாக முட்டையிடுகிறது. காவிரியில் ரங்கனதிட்டு பாறைகளிலும் அடைகாக்கிறது. ரங்கனதிட்டு 1940-இல் சரணாலயமானதற்குப் பின்னால் பறவையியலாளர் சாலிம் அலியின் சொல் இருந்தது. 2022-இல் அது ராம்சார் ஈரநிலமும், அதாவது ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இடமும், ஆனது. ஆலா இன்று உலக அளவில் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆற்றை நம்பியிருக்கும் பறவைக்கு ஆற்றைப் போலவே நாளும் குறைகிறது.

மணலைவிட்டுக் கரைக்கு வருவோம். ஆறு வளையும் இடத்தில் வெள்ளம் கரையைச் செங்குத்தாக அரித்து ஒரு மண் சுவர் விட்டுப் போகும். நமக்கு அது சரிவு, கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு அது வீட்டு மனை. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, நேர்கீழாக நீரில் விழுந்து மீன் எடுக்கும் பறவை. அந்தச் சுவரில் ஒரு மீட்டரோ அதற்கு மேலுமோ உள்ளே போகும் வளை தோண்டி, இருட்டறையில் முட்டையிடும். பச்சைப் பஞ்சுருட்டானும் வளைக்காரன்தான், ஆனால் அதற்கு உயரச் சுவர்கூட வேண்டாம், மணற்பாங்கான சிறு மேடு போதும். தேனீயைப் பிடித்ததும் கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். தொலைநோக்கி இருந்தால் மாணவர்கள் பார்க்கத் தவறாதீர்கள். நாம் குளிர்காலத்தில் இங்கே பார்க்கும் நீலவால் பஞ்சுருட்டான் இனம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் நகுவனஹள்ளியில் இதே காவிரிக் கரையில் கோடையில் கூட்டமாக வளை தோண்டுகிறது. பொக்லைன் வைத்து மணலை அள்ளும்போது கரைச் சுவரும் சரிகிறது. உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று லாரிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சீமைக்கருவேலம் ஆற்றுக்குள் இறங்கித் திறந்த மணலை மூடுவதையும், ஆகாயத்தாமரை குட்டைகளை மூடுவதையும் நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள், அதை விரிக்கவில்லை.

வற்றும் ஆற்றில் மீனெல்லாம் மடுக்களில் ஒதுங்கும். அங்கேதான் கோடையின் சந்தை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே மடுவில் நிற்கும். மேலே செம்பருந்து சுற்றும். விடியற்காலையில் போனால், அதிர்ஷ்டம் இருந்தால், நீர்நாய்க் குடும்பம் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டாலும் தடம் தட்டுப்படும்: ஈரமணலில் ஐந்து விரலும் நடுவே சவ்வும் பதிந்திருக்கும். பாறை மேலோ மணல் மேட்டிலோ மீன் செதிலும் முள்ளும் நிறைந்த எச்சம், நல்ல வீச்சத்தோடு. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சமிடும் பழக்கம் அதற்கு உண்டு. வலைக்காரர்களுக்கு அதன்மேல் கோபம் இருப்பது எனக்குத் தெரியும், கிழிந்த வலைக்கு யாரும் காசு தருவதில்லை. அந்தப் பேச்சை அவர்களோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும், அவர்களைக் குற்றம் சொல்லிக்கொண்டு பேச முடியாது.

முதலையும் இந்த மணலின் குடிதான். கொள்ளிடத்தில், அணைக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியன்று. பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் தாய் நீர்மட்டத்துக்கு மேலே குழி தோண்டி 25, 30 முட்டை இட்டு மூடும். குஞ்சு பொரிக்கச் சுமார் இரண்டு மாதம். குழியின் வெப்பத்தைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது. உள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டதும் தாயே குழியைத் திறந்து, அந்தப் பெரிய வாயில் மெல்லக் கவ்வித் தண்ணீருக்கு எடுத்துப் போகும். அந்த நாட்களில் கரையோரம் யாரும் போகாமல் இருப்பதுதான் அதற்கும் நமக்கும் நல்லது.

மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல் பக்கம் காவிரி வேறு முகம் காட்டும். கரையோர நீர்மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில். மற்ற ஓடைகள் வறண்டதும் தண்ணீருக்கு இறங்கிவரும் யானைக் கூட்டம். மரத்திலிருந்து நீரை நோட்டமிடும் மீன்கழுகு. அங்கே 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் நான் சொல்லிவந்த உப்புக்கொத்தியும் மீன்கொத்தியும் முட்டையிடும் கீழ்க்காவிரி மணலின் பெரும்பகுதிக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. அங்கே காவல் என்று இருப்பது கரையோர ஊர்க்காரர்கள்தான். எங்கே கூடு இருக்கிறது என்று ஆடு மேய்ப்பவருக்கும் பரிசல்காரருக்கும் தெரிகிற அளவு எந்தப் பறவை நூலுக்கும் தெரியாது. முதலில் அவர்களைக் கேளுங்கள்.

கேட்டதை எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் இடுங்கள். இனப்பெருக்கக் குறியீடுகள் அதில் இருக்கின்றன: கூட்டில் பறவை, இரை தூக்கிப் போகிறது, குஞ்சு கண்டது என்று. கூட்டின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2022-இல் மேட்டூர் அணை மே 24-இலேயே திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. குறுவைக்கு அது பெரிய வரம், உழவர் வீட்டில் மகிழ்ச்சி, அதில் எனக்கும் மகிழ்ச்சி. அதேநேரம் மணலில் முட்டையோடு இருந்த பறவைக்கு வெள்ளம் 19 நாள் முந்தி வந்தது. உப்புக்கொத்தி அடைகாக்கும் காலமே மூன்றரை வாரம்தான். தண்ணீரை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எந்தத் திட்டில் எப்போது கூடு வைக்கின்றன, எந்த வாரத்தில் குஞ்சு ஓடத் தொடங்குகிறது என்ற பதிவு பல ஆண்டுகளுக்கு நம் கையில் இருந்தால், அணைநீரைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அதையும் வைக்கலாம்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரச் சுமார் மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளில் கரையோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஆட்காட்டிக் குஞ்சும் உப்புக்கொத்திக் குஞ்சும் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடக்கூடியவை. தாய் கூப்பிடும் பக்கம் ஓடும். அவற்றைக் கையில் தூக்காதீர்கள். கரைச்சரிவில் நாய்களை அண்டவிடாதீர்கள், வண்டியை இறக்காதீர்கள். குஞ்சு ஏறிவர வழி இருக்கட்டும். எந்த நாளில், எந்தத் திட்டில், எத்தனை குஞ்சு கண்டீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

நன்றி. வணக்கம்.