தரையெல்லாம் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் கடைகள், கேண்டீன்கள், கோயில் மண்டபங்கள் என்று 23 வருடமாகக் காப்பி மெஷின் பழுது பார்த்து வருகிறேன். கைப்பிடியை இழுத்து ஒரு கப் எடுக்கும் எஸ்பிரஸோ மெஷினைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. மேலே டேங்க், நடுவில் காப்பித்தூள் போடும் கூடை, கீழே ஜாடி. சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் தூளின் மேல் தூறி, நாலைந்து நிமிடத்தில் ஜாடி நிறையுமே, அந்த மெஷின்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை கேண்டீன். அதை நடத்தும் அக்கா ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு போன் செய்தார்.

"தம்பி, மெஷின்ல தண்ணி தானா கொட்டுது. தரையெல்லாம் ஓடுது. ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க வர்ற நேரம்."

"அக்கா, ஈரத்துல நின்னுகிட்டு ப்ளக்கைத் தொடாதீங்க. மெயின் பாக்ஸ்ல மெஷினோட சுவிட்சை இறக்குங்க. இறக்கிட்டு, தண்ணி நிக்குதா இல்ல இன்னும் ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுடுச்சு தம்பி" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். டேங்குக்குள் தண்ணீர் விடுவது சோலனாய்டு வால்வு. மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓடினால் குற்றம் வால்விலேயே இருக்கிறது. ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு மணல் துகள் நடுவில் மாட்டியிருக்கும். நிறுத்தியதும் தண்ணீரும் நின்றால் வால்வு நல்ல வால்வு. யாரோ அதைத் திறந்தே வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த யாரோ, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. டேங்க் இன்னும் நிறையவில்லை என்று அது நினைக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் பிள்ளைகள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே கொஞ்சம் வழிந்ததாம். வந்து பார்த்த ஒருவர், போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது சில நூறு வெள்ளி செலவு.

மூடியைத் திறந்தேன். டேங்கின் மேல்பக்கம் ஊதுபத்திக் கனத்தில் ஓர் எஃகுக் கம்பி தொங்கும். தண்ணீர் ஏறி அதன் நுனியைத் தொட்டதும், மிகச் சிறிய மின்சாரம் கம்பியிலிருந்து தண்ணீர் வழியாக டேங்கின் உடம்புக்குப் போகும். உடனே போர்டு வால்வை மூடும். இந்தக் கம்பியில் உப்புப் படிந்திருந்தால் தண்ணீர் தொட்டாலும் அதற்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, ஒரு புள்ளி கறைகூட இல்லை. அடுத்து, கம்பிக்கு வரும் வயரை டேங்கின் உடம்பில் தொட்டேன். டக் என்று வால்வு மூடிக்கொண்டது. இது மெஷின் தெரிந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டிய சோதனை. அப்படியானால் போர்டு சரி, வயர் சரி, கம்பி சரி. மிச்சம் இருப்பது தண்ணீர்தான்.

"அக்கா, தண்ணி லைன்ல எதையாவது மாத்தினீங்களா?"

"முந்தாநாள் புது ஃபில்டர் போட்டோம் தம்பி. காப்பி நல்லா வரட்டும்னுதான்."

சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆர்ஓ ஃபில்டர். அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்துவிடும். உப்பு இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. கம்பி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தும், போர்டுக்கு டேங்க் காலியாகத்தான் தெரிந்தது. மெஷினின் குழாயை ஆர்ஓவிலிருந்து எடுத்து, மண்டி பிடிக்கும் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் மட்டும் உள்ள லைனில் மாட்டினேன். டேங்க் நிறைந்ததும் தண்ணீர் நின்றது. காப்பியின் ருசியும் தேறியது. கொஞ்சம் உப்புச்சத்து இருந்தால்தான் தூளிலிருந்து சாரம் ஒழுங்காக இறங்கும்.

நம் தீவுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர். சுண்ணாம்பு குறைவு. வெளிநாட்டு மெஷின் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும் வெள்ளைப் படிவு இங்கே மெதுவாகத்தான் ஏறும். என் அனுபவத்தில் இங்கே பெரிய தொல்லை மண்டியும் துருவும்தான். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திரும்பத் திறக்கும்போது செம்மண் நிறத்தில் வருமே, அது மெஷினுக்குள் போகவே கூடாது. வெட்டு என்று தெரிந்ததும் மெஷினின் குழாயை மூடிவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு வேறு குழாயைத் திறந்து, தெளியும்வரை ஓட விட்டு, அப்புறம் மெஷினுக்குத் திறங்கள். ஜாடி முக்கால்வாசியிலேயே நின்றுவிடுகிறது என்று பலர் கூப்பிடுவார்கள். பல மெஷின்கள் நேரத்தை வைத்துத்தான் தண்ணீர் விடுகின்றன. ஃபில்டர் அடைத்திருந்தால் அதே நேரத்தில் குறைவாகத்தானே வரும்?

காப்பி வெளிறி, டீ மாதிரி இறங்குகிறதா? தூள் போடாமல் ஒருமுறை ஓட விட்டு, கூடையில் விழும் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். 92 முதல் 96 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், இல்லாவிட்டால் தண்ணீரைச் சூடாக்கும் காயில். 2,800 வாட் காயில் நம் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 19 ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. சுவிட்ச் போட்டதும், மின்சாரம் கசிந்தால் தானாக அறுக்கும் ஈஎல்சிபி விழுந்தால், பெரும்பாலும் காயிலிலிருந்து மின்சாரம் உடம்புக்குக் கசிகிறது. காயிலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனரேட்டரிலிருந்து நீளமாக வயர் இழுத்தால் வோல்ட் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் காயிலுக்கு முக்கால் பங்கு பலம்தான் கிடைக்கும். மெஷினைக் குறை சொல்லாதீர்கள், வயரை மாற்றுங்கள். சுருட்டி வைத்த வயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுருளாகவே இருந்தால் சூடேறி உருகும். டேங்க் நிறைவதற்கு முன் காயிலுக்கு சுவிட்ச் போடாதீர்கள், காய்ந்த காயில் சீக்கிரம் கருகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். டேங்கில் சூடு மீறினால் மின்சாரத்தை அறுத்துவிட ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. ஒரு கடையில் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்ததைப் பார்த்தேன். அடிக்கடி அறுகிறது என்று யாரோ செய்த வேலை. அந்த மெஷின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வயரை வெட்டி எடுத்து, தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன். ஒரு பாதுகாப்பு சுவிட்ச் திரும்பத் திரும்ப அறுகிறது என்றால் உள்ளே எதுவோ சூடேறுகிறது. அது எது என்று தேடுங்கள்.

அந்த கேண்டீன் அக்கா இப்போது ஃபில்டர் மாற்றிய தேதியை சுவரில் எழுதி வைக்கிறார். போன மாதம் மறுபடி போன் வந்தது. "தம்பி, மெயின் சுவிட்சை இறக்கிட்டேன், ஆனா தண்ணி நிக்கல. குழாயை மூடி வச்சிருக்கேன்." வால்வு ரப்பரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.