துருசுத் திறப்பு பம்பைமடுவில்

(நெடுங்கேணிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில், உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

போன கிழமை ஒரு தகப்பன் என்னை வழியில் மறித்துக் கேட்டார்: "மாஸ்டர், மகளுக்கு வவுனியா கம்பஸ்தான் கிடைக்கும் போலக் கிடக்கு. என்ன செய்யிறது?" அந்தத் 'தான்' எனக்கு முள்ளாகக் குத்தியது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997 ஏப்ரல் 1 ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. ஆறு கிழமைதான் போனது. மே 13 ஆம் திகதி ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கிவிட்டது. ஏ9 வீதி போர்க்களமாயிற்று. அந்த நாட்களில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்திக்கு அங்கே அனுமதி கிடைத்தது. வன்னியிலிருந்து போனவர்கள் வவுனியாவில் தங்குவதற்குப் பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும். புத்தகத்தை விடப் பத்திரமாக அந்தத் துண்டை வைத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். படித்து முடித்து, இன்று அவளும் ஒரு ஆசிரியை. 2009 இல், வவுனியாவுக்குப் பக்கத்துப் பம்பைமடுவில் வளாகத்து மாணவர் விடுதிக்கென்று கட்டிய கட்டிடங்களிலேயே முள்கம்பி அடித்து, போரில் சரணடைந்த பெண் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். அதே மண்ணில் இன்று விரிவுரை நடக்கிறது. 'தான்' போட்டுச் சொல்லும் இடமா அது?

சரி, பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அந்த வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. பெயர்ப்பலகை மாறியது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் மாறியது எதுவென்று கமக்காரருக்கு விளங்கும்படி சொல்கிறேன். குளம் நிறைந்து வான் பாய்ந்தாலும், துருசுத் திறப்பு, அதாவது மதகின் சாவி, வேறு ஊரில் இருந்தால் நம்முடைய வயலுக்கு எப்போது தண்ணீர் வருமென்று நாம் சொல்ல முடியாது. வளாகமாக இருந்தவரை, புதிதாக ஒரு பட்டப்படிப்புத் தொடங்க நினைத்தால் யாழ்ப்பாணத்து மூதவைக்கும் (படிப்பு விடயங்களைத் தீர்மானிக்கும் செனற்) பேரவைக்கும் (நிருவாகத்தைப் பார்க்கும் கவுன்சில்) போக வேண்டும். இப்போது மூதவையும் பேரவையும் பம்பைமடுவிலேயே கூடுகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி இன்னும் வேண்டும்தான். ஆனால் வன்னிக்கு எந்தப் படிப்புத் தேவை என்ற முதல் பேச்சு வன்னியிலேயே நடக்கிறது. யாழ்ப்பாணத்தைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களை வளர்த்த தாய்.

அங்கே மூன்று பீடங்கள்: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள். சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது, தகவல் தொழினுட்பம் இருக்கிறது. செயற்றிட்ட முகாமைத்துவமும் இருக்கிறது. "அதைப் படித்து என்ன வேலை?" என்று கேட்கிறீர்கள். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டம், வீதி, குளப் புனரமைப்பு என்று எத்தனை வேலைகள் இந்த மண்ணில் நடந்தன! திட்டம் போடவும் மேற்பார்வை செய்யவும் எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நாங்கள் கல் சுமந்தோம். அந்த வேலைக்குத்தான் அந்தப் படிப்பு.

தண்ணீரைப் பாருங்கள். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனை கமக்காரர் விழுந்திருக்கிறார்கள். கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி, வெயிலில் நாள்முழுக்க வேலை என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். காரணம் இன்னும் துலங்கவில்லை. அதைத் தேடும் ஆய்வுகூடம் நோயாளியின் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் பேரவையில் இருந்தால் கேட்கும் முதல் புதிய படிப்பு நீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். குளம், நிலத்தடி நீர், குடிநீர் மூன்றையும் ஒன்றாகப் படிக்கும் படிப்பு. நீங்களும் கேளுங்கள். கமக்காரர் அமைப்பின் கடிதத்தலைப்பில் எழுதி அனுப்புங்கள். கேட்காத வயலுக்கு யார் வாய்க்கால் வெட்டுவார்கள்?

பிள்ளைகளே, இனி உங்களோடு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமையில். 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில். பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று இன்னும் 5 சதவீதம் உண்டு, நம்முடைய வன்னி மாவட்டங்களும் அதில் அடங்கும். தெற்கிலிருந்து வந்து, தமிழ் தெரியாமல், இந்த வெயிலில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பம்பைமடுவில் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து படித்துப் பட்டத்தோடு போகும்போது, நம்முடைய பிள்ளை அதைக் கடைசித் தெரிவாக எழுதுவது எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவம், பொறியியல் கிடைத்தால் போங்கள், சந்தோஷமாக அனுப்புவோம். மற்றவர்கள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை விரித்து, யுனிகோட் (பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் குறியீடு) ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத் தெரிவை எழுதுங்கள். விண்ணப்பம் திறந்ததும் பின்னேரம் 4 மணிக்கு இந்த மண்டபத்தில் கைநூலோடு இருப்பேன். அந்தத் தகப்பனும் மகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள்.